புதுப்பிப்பு: பிள்ளைகள் வந்தார்கள், சொதி வைத்தேன்

பிள்ளைகள் இருவரும் வார இறுதிக்கு வருகிறார்கள், ஞாயிறு காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி எளிதாக என்ன செய்யலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். கொழும்பு காலி முகத்திடல் பக்கம் ஹோட்டலுக்குப் போகச் சொன்னவர்களுக்கு நன்றி. நாங்கள் வெள்ளவத்தை வீட்டை விட்டு நகரவில்லை.

இடியப்பத்தைக் கடையில் வாங்கிவிட்டேன். 60 வயதில் உரலைப் பிழிந்து யாருக்கு என்ன நிரூபிக்க வேண்டும்? சொதி மட்டும் என் கை. தேங்காயின் இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம் போட்டு வேகவைத்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றினேன். அந்த நேரம் பார்த்து மகள் தேசிக்காயை வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

“இறக்கிய பிறகு விடு பிள்ளை, இல்லாவிட்டால் திரைந்துவிடும்.”

“ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்கள், அம்மா.”

சொல்லத்தான் செய்வேன்.

சம்பல் மகனுடையது. செத்தல் மிளகாயை உப்போடு இடித்து, சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும் சேர்த்தான். உறைப்பு அதிகம், ஆனாலும் கிண்ணம் காலியானது.

பத்தரைக்கு உட்கார்ந்தவர்கள் எழும்ப ஒரு மணியாகிவிட்டது. கரையோர ரயில் போகும்போதெல்லாம் பேச்சு நின்றது, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. மகன் தேநீர்க் கோப்பையோடு பால்கனியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை மாறப்போகிறானாம். இத்தனை மாதத் தொலைபேசிப் பேச்சில் வராதது அங்கேதான் வெளியே வந்தது.

மிச்சச் சொதியை மகள் போத்தலில் ஊற்றிக் கொண்டுபோய்விட்டாள்.