சிங்கப்பூர் நாலு நாள்: கைச்செலவுக்கு எவ்வளவு கொண்டு போறதுங்க?

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கமுங்க. பரீட்சை லீவுல நானு, வீட்டுக்காரி, அஞ்சு வயசுப் பொண்ணு மூணு பேரும் கோயமுத்தூர்ல இருந்து சிங்கப்பூர் போறோம். மூணு ராத்திரி, நாலு பகல். விமான டிக்கெட், லிட்டில் இந்தியாவுல ரூம், விசா மூணும் முடிஞ்சுதுங்க. கைச்செலவுக் கணக்குத்தான் பிடிபட மாட்டேங்குது. பங்காளி ஒருத்தர் 25,000 ரூபாய் தாராளமுங்கறார். மச்சான் ஒரு லட்சம் இல்லாம ஏறாதேங்கறார். நாங்க சைவம். பெருசா ஷாப்பிங் கிடையாது. பணமா எவ்வளவு, கார்டுல எவ்வளவு வெச்சுக்கோணும்? டாலரை இங்கயே மாத்திக்கலாமா, அங்க போய் மாத்தலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஊத்துக்குளி வெண்ணெய்

ரெண்டு பேரு சொன்னதும் சரிதானுங்க. உங்க பங்காளி சோத்தையும் ரயிலையும் மட்டும் எண்ணியிருப்பார், மச்சான் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் தீம் பார்க்கையும் சேர்த்திருப்பார். சிங்கப்பூர்ல சோறு மலிவு, ரயில் மலிவு. ரூமும் நுழைவுச் சீட்டும் டாக்ஸியும்தான் கையைக் கடிக்கும். ரூம் முடிஞ்சுதுன்னா பாதிப் பாரம் இறங்கியாச்சு.

அதனால நுழைவுச் சீட்டைக் கைச்செலவுல சேர்க்காதீங்க. எங்கெங்க போறதுன்னு இன்னைக்கே முடிவு பண்ணி, இங்கிருந்தே ஆன்லைன்ல வாங்கி, கணக்குல இருந்து கழிச்சிருங்க. மூணு பேருக்கு யுனிவர்சல் 200 வெள்ளியைத் தாண்டும் (சிங்கப்பூர் டாலரை அங்க தமிழ்ல வெள்ளிம்பாங்க). மிருகக்காட்சி சாலையோ, கார்டன்ஸ் பை த பே பூங்காவுல இருக்கற ரெண்டு கண்ணாடிக் கூடமோ மூணு பேருக்குச் சேர்த்து 100-ஐத் தாண்டும். நாலு நாளைக்கு ஒரு பெருசு, ஒரு சிறுசு போதும். அஞ்சு வயசுக் குழந்தையை வெச்சுக்கிட்டு அதுக்கு மேல போட்டா சீட்டுக் காசுதான் வீணாகும். மத்தியானத்துக்கு மேல தூங்கிரும். கண்ணாடிக் கூடங்களை மாசத்துல ஒரு நாள் பராமரிப்புக்கு மூடுவாங்க. அவங்க இணையதளத்துல தேதியைப் பார்த்துட்டு வாங்குங்க.

காசே இல்லாமப் பார்க்கறதும் நெறைய இருக்கு. கார்டன்ஸ் பை த பே-ல வெளித்தோட்டம் இலவசம், அங்க சூப்பர்ட்ரீ விளக்குக் காட்சி 7.45-க்கும் 8.45-க்கும். 7.45 காட்சியைப் பார்த்துட்டு மெதுவா நடந்தா மெரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் முன்னாடி 9 மணி நீரூற்றுக் காட்சிக்குப் போயிரலாம், அதுவும் இலவசம். மெர்லயன் சிலை, தாவரவியல் பூங்கா, சாங்கி விமான நிலையத்து ஜுவல் மால்ல இருக்கற பெரிய அருவி, சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் எல்லாத்துக்கும் சீட்டு கிடையாது. செந்தோசா தீவுக்கு விவோசிட்டி மால்ல இருந்து மோனோரயில்ல போனா ஒருத்தருக்கு 4 வெள்ளி, பக்கத்துலயே இருக்கற நடைபாலத்துல போனா ஒண்ணுமில்ல. திரும்பி வர ரயிலுக்கு யாருக்கும் காசு கிடையாது. அப்புறம் எதுக்குங்க போறப்ப மட்டும் கொடுக்கறது?

கொடுமுடிக்காரி

சாப்பாட்டுக் கணக்கு நான் சொல்றேன். லிட்டில் இந்தியாவுல ரூம் எடுத்ததே நல்லதுங்க, சைவத்துக்கு அலைய வேண்டாம். செராங்கூன் ரோட்டு மெஸ் மாதிரிக் கடைல தோசை 4-ல இருந்து 6 வெள்ளி, சாப்பாடு 9-ல இருந்து 12. டெக்கா சென்டர் மாதிரி உணவங்காடில 5-ல இருந்து 7-க்குள்ள ஒரு தட்டு முடிஞ்சிரும். காப்பி ஒண்ணரையில இருந்து ரெண்டு. ரெண்டு பெரியவங்க, ஒரு குழந்தைக்கு மூணு வேளையும் இடைல ஒரு ஜூஸும் சேர்த்து நாளைக்கு 70 வெள்ளின்னு வைங்க. ஒரு வேளை அங்காடின்னு வெச்சுக்கிட்டா 55-லயே முடியும்.

கணக்கு எங்க உதைக்கும்னா, ஏசி உணவகத்துல. மெனுவுல விலைக்குப் பக்கத்துல ++ன்னு ரெண்டு கூட்டல் போட்டிருப்பாங்க. மொதல் கூட்டல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், ரெண்டாவது ஜி.எஸ்.டி. அங்க ஜி.எஸ்.டி 2024 ஜனவரில இருந்து 9 சதவீதம். அதைச் சேவைக் கட்டணத்தையும் கூட்டின தொகை மேல போடுவாங்க. மெனுவுல 48 வெள்ளிக்குச் சாப்பிட்டா 4.80 சேர்ந்து 52.80, அதுக்கு மேல 4.75, ஆக 57.55. அதனால ++ கண்டா அஞ்சுல ஒரு பங்கு மனசுக்குள்ள கூட்டிக்குங்க. டிப்ஸ் வேண்டாம், அதான் சேவைக் கட்டணம் வாங்கியாச்சே. சில உணவகத்துல உக்காந்த உடனே ஈரத் துண்டும் ஒரு கிண்ணம் கடலையும் வைப்பாங்க. தொட்டா பில்லுல வரும், வேண்டாம்னா திருப்பிக் கொடுத்துருங்க. உணவங்காடில சேவைக் கட்டணம் கிடையாது. ஆனா சாப்பிட்ட தட்டை நீங்கதான் தட்டு வைக்கற இடத்துல கொண்டு போய் வெக்கோணும், 2021-ல இருந்து அது சட்டம்.

தண்ணி பாட்டில் வாங்காதீங்க. குழாய்த் தண்ணியே குடிக்கலாம். ஆளுக்கொரு காலிப் பாட்டில் போதும். வெயில்ல மூணு பேரு நாளைக்கு அஞ்சாறு பாட்டில் வாங்கினா அங்கயே 8 வெள்ளி போச்சு. ஆனா ரயிலுக்குள்ள தண்ணிகூடக் குடிக்கக் கூடாது, தின்னாலும் குடிச்சாலும் 500 வெள்ளி வரைக்கும் அபராதம். பாப்பாவுக்கு முன்னாடியே குடிக்க வெச்சுருங்க.

பருப்புப் பொடி, முறுக்கு, கடலை உருண்டை எல்லாம் கொண்டு போலாமுங்க. கசகசாவை மட்டும் மூட்டைல வெக்காதீங்க, அது அங்க போதைப்பொருள் கணக்குல வருது.

சென்னிமலை நெசவு

பண விஷயம். ரொக்கம் மொத்தமே 200 வெள்ளி போதுமுங்க. மீதி கார்டு. ஆனா எந்தக் கார்டுங்கறதுலதான் சங்கதி இருக்கு.

சாதா டெபிட், கிரெடிட் கார்டுல வெளிநாட்டுச் செலவுக்கு 2-ல இருந்து 3.5 சதவீதம் வரைக்கும் மார்க்கப்னு ஒரு கூடுதல் கட்டணம் பிடிப்பாங்க, அந்த மார்க்கப்புக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 3.5 பிடிச்சா மொத்தம் 4.13 ஆகுது. 35,000 ரூபாய்க்குத் தேய்ச்சா 1,445 ரூபாய் சும்மா போகும். மார்க்கப் இல்லாத கார்டுன்னு சில வங்கி கொடுக்கறாங்க, கிளம்ப மாசம் இருந்தா ஒண்ணு வாங்கிக்குங்க. கடைல மிஷின் "ரூபாயா, சிங்கப்பூர் டாலரா"ன்னு கேட்கும். ரூபாய்னு அமுத்தினா அவங்க வெச்ச ரேட்டுல மாத்திக் கழிப்பாங்க, அது எப்பவும் நமக்கு நட்டம். டாலர்னே அமுத்துங்க.

ரொக்கத்தைக் கோயமுத்தூர்லயோ திருப்பூர்லயோ லைசென்ஸ் இருக்கற மணி சேஞ்சர்கிட்ட வாங்குங்க, ஏர்போர்ட் கவுண்டர்ல வேண்டாம். "கமிஷன் இல்லை"ன்னு போர்டு இருந்தா கமிஷன் ரேட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம். அன்னைக்கு ஆன்லைன்ல காட்டற ரேட்டுக்கும் அவர் சொல்ற ரேட்டுக்கும் வித்தியாசத்தைப் பாருங்க: அங்க 70, இவர் 72 சொன்னா 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழ. 200 வெள்ளிக்கு 400 ரூபாய் கூடுதல், அதோட ஜி.எஸ்.டி 45 ரூபாய். 25,000 ரூபாய் வரைக்கும் மாத்தினா அந்த 45-தான் கணக்கு. 10 வெள்ளி நோட்டு, 5 வெள்ளி நோட்டா கேட்டு வாங்குங்க. ஒண்ணரை வெள்ளிக் காப்பிக்கு 100 நோட்டை நீட்டினா அங்காடிக்காரர் மூஞ்சியைத்தான் காட்டுவார். பாதி அங்காடிக் கடைல கார்டு எடுக்க மாட்டாங்க. கியூ.ஆர் ஒட்டியிருக்கும், அது உள்ளூர் வங்கிக் கணக்குக்கு. யூ.பி.ஐ சில கடைல ஓடும், அதை நம்பி இறங்காதீங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி வங்கி ஆப்ல "வெளிநாட்டுப் பரிவர்த்தனை", "கான்டாக்ட்லெஸ்" ரெண்டையும் திறந்து வைங்க. இந்தியக் கார்டுல இது ரெண்டும் மூடியே வரும். ஓ.டி.பி வரோணும், அதனால நம்ம சிம்முக்கு ரோமிங்கை இங்கயே திறந்துக்குங்க. டாக்ஸி ஆப்ல கார்டைச் சேர்க்கற வேலையையும் வீட்டுலயே முடிச்சிருங்க.

நொய்யல்கரை (திருப்பூர்)

ரொம்ப நன்றிங்க அக்கா, அண்ணா. சொன்னதை வெச்சு எழுதிப் பார்த்தேன்:

சாப்பாடு 70 × 3 = 210
ரயில், பஸ் 15 × 3 = 45
ஏர்போர்ட் டாக்ஸி 25
சிம் 15
மொத்தம் 295 வெள்ளி. 70 ரூபாய்னு வெச்சா 20,650. பங்காளி சொன்னது சரியாப் போச்சுங்களே?

டிக்கெட்டுக்குப் பதிலா பேங்க் கார்டையே தட்டி ரயில் ஏறலாமாமே, ரெண்டு பேரும் ஒரே கார்டைத் தட்டலாமுங்களா?

ஊத்துக்குளி வெண்ணெய்

தம்பி, ராத்திரி மூணுன்னா சாப்பாடு மூணு நாள் இல்ல. கடைசி நாள் ரூமைக் காலி பண்ணிட்டு ராத்திரி விமானம் ஏறறதுக்குள்ள மூணு வேளையும் வெளிலதான். அன்னைக்குத்தான் ஜுவல்ல உக்காந்து கூடச் செலவாகும். 4 நாள் போடுங்க: சாப்பாடு 280, பயணம் நாளைக்கு 18-ன்னு வெச்சு 72. டாக்ஸி போக வர ரெண்டு தடவை, 60. விமான நிலையத்துல ஏறினா மீட்டருக்கு மேல 6 இல்லாட்டி 8 வெள்ளி, நடுராத்திரி 12-ல இருந்து காலைல 6 வரைக்கும் மீட்டர்ல பாதி கூடுதல். அந்த நேரத்துல இறங்கினா முதல் ரயில் வரைக்கும் சாங்கிலயே உக்காந்துக்கலாம், சுமார் 5.30-க்கு ஓட ஆரம்பிச்சிரும். எக்ஸ்போ ஸ்டேஷன்ல இறங்கி டவுன்டவுன் லைன் ரயில் மாறினா நேரா லிட்டில் இந்தியா, ஆளுக்கு ரெண்டு வெள்ளி ஒட்டி. பொட்டி நாலு இருந்தாத்தான் டாக்ஸி.

சிம் 15. ஆகக் கூட்டினா 427. இதுக்கு மேல 15 சதவீதம், 65 வெள்ளி, தொடாத காசா வைங்க. காய்ச்சல் மாத்திரை, மழைக் குடை, தொலைஞ்ச செருப்பு எல்லாம் அதுல. ஆகமொத்தம் 492. ரேட்டையும் 72-ன்னு போடுங்க, மார்க்கப்ல பெரும்பகுதி உள்ள போயிரும். 35,000 ரூபாயைக் கொஞ்சம் தாண்டும். ஒரு பெருசு, ஒரு சிறுசு சீட்டு வாங்கினா 65,000 கிட்ட வரும்.

கார்டு ஒண்ணுக்கு ஒரே ஆளுதான். இறங்கற எடத்துலயும் ஏறின அதே கார்டைத் தட்டோணும். போன்ல தட்டி ஏறி, அதே கார்டை பர்ஸ்ல இருந்து எடுத்துத் தட்டி இறங்கினா மிஷின் அதை ரெண்டு கார்டாத்தான் பார்க்கும், ரெண்டுலயும் அரைகுறைப் பயணம்னு பிடிச்சிரும். விசா, மாஸ்டர்கார்டு ஓடும். ரூபே வேண்டாம். வெளிநாட்டுக் கார்டுக்குத் தட்டற ஒவ்வொரு நாளைக்கும் 60 சென்ட் கூடுதல், மறுநாள் ரெண்டு தனி வரியா ஸ்டேட்மென்ட்ல வரும், பதறாதீங்க.

கொடுமுடிக்காரி

பாப்பாவுக்கு: 90 சென்டிமீட்டருக்குக் கீழ இருந்தா அப்படியே இலவசம். அஞ்சு வயசுல அதைத் தாண்டியிருக்கும். ஏழு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைங்களுக்குன்னு சலுகைக் கார்டு இருக்கு, வெளிநாட்டுக் குழந்தைக்கும் கொடுப்பாங்க. பாஸ்போர்ட்டைக் காட்டி டிக்கெட் ஆபீஸ்ல கேளுங்க.

சென்னிமலை நெசவு

ஒண்ணு விட்டுப் போச்சு. ரூமுல நுழைஞ்ச உடனே 50-ல இருந்து 200 வெள்ளி வரைக்கும் டெபாசிட் கேட்பாங்க. அதுக்கு ஃபாரெக்ஸ் கார்டையோ (வெளிநாட்டுக் காசை முன்னாடியே ஏத்தி வைக்கற கார்டு) டெபிட் கார்டையோ நீட்டாதீங்க. அந்தக் காசு உண்மையாவே முடங்கிரும், காலி பண்ணின பிறகும் வர ஒரு வாரம் ரெண்டு வாரம் ஆகும். கைல 300 வெள்ளி ஏத்தின கார்டுல 100 முடங்கினா மூணாம் நாள் கார்டு மறுக்கும், அப்பத்தான் ஏ.டி.எம் தேடி ஓடுவாங்க. கிரெடிட் கார்டுல போட்டா வரம்பு மட்டும்தான் குறையும்.

நொய்யல்கரை (திருப்பூர்)

அது தெரியவே தெரியாதுங்க. மச்சான் கிட்ட கிரெடிட் கார்டு இருக்கு, அதை வாங்கிட்டுப் போலாமுங்களா? ரூபாய் நோட்டாவே கொண்டு போய் லிட்டில் இந்தியா முஸ்தபா கடைப் பக்கம் மாத்தினா ரேட் நல்லா இருக்குன்னும் சொல்றாங்க.

சென்னிமலை நெசவு

மச்சான் கார்டு வேண்டாம். ரூம் யார் பேர்லயோ அவங்க பேர்ல கார்டு கேட்பாங்க. கார்டு இல்லைன்னா டெபாசிட்டை ரொக்கமா வாங்குவாங்களான்னு இப்பவே மெயில் போட்டுக் கேளுங்க. சரின்னா 200-ஐ 300 ஆக்கிக்குங்க, ரசீதைப் பத்திரமா வைங்க, கடைசி நாள் திரும்பி வந்துரும்.

ரூபாய் நோட்டு 25,000 வரைக்கும் கொண்டு போக அனுமதி உண்டு. செராங்கூன் ரோட்டுல மணி சேஞ்சர் வரிசையா இருக்காங்க, நாலு போர்டைப் பார்த்து மாத்தலாம். இருந்தாலும் இறங்கின உடனே காப்பிக்குக் காசு வேணுமில்ல? 100 வெள்ளி இங்க, மீதி அங்க.

ஊத்துக்குளி வெண்ணெய்

நம்மாளு 400 ரூபாய் மிச்சம் பண்ண மூணு தெரு அலைவாரு, அதுக்குள்ள பாப்பா ஐஸ்கிரீம் கேட்டுரும். 200-ஐ இங்கயே மாத்துங்க தம்பி.

இன்னொண்ணு, இமிக்ரேஷனுக்கு எஸ்.ஜி அரைவல் கார்டுங்கற ஆன்லைன் படிவம் நிரப்போணும், இறங்கற நாளைச் சேர்த்து மூணு நாளைக்குள்ள. அரசு இணையதளத்துல இலவசம். தேடினா மேல வர்ற சில தளம் ஆளுக்கு இத்தனை டாலர்னு கேட்கும், அதுல விழுந்துறாதீங்க.

நொய்யல்கரை (திருப்பூர்)

சரிங்ணா. பாக்கி வந்தா?

சென்னிமலை நெசவு

நோட்டைத் திருப்பி மாத்திக்கலாம், வாங்கின ரசீது இருந்தா நல்லது. அவங்க எடுக்கற ரேட்டு குறைச்சலாத்தான் இருக்கும், அதனால சின்னத் தொகையை அடுத்த தடவைக்கு வெச்சுக்குங்க. 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைக்கும் கைல வெச்சுக்கச் சட்டம் இடம் கொடுக்குது. சில்லறைக் காசை இங்க யாரும் வாங்க மாட்டாங்க. கடைசி நாள் முஸ்தபால மொதல்ல சில்லறையை எண்ணிக் கொடுத்துட்டு, மீதிக்குக் கார்டைத் தட்டுங்க.