சிரப் குடிக்கும் குழந்தைகளின் பல் அடைப்பு: உங்கள் அனுபவம் என்ன?

வானவில்:
மகனுக்கு அடிக்கடி இளைப்பு வரும். சளி மருந்து, ஆன்டிபயாட்டிக் என்று ஏதாவது ஒரு சிரப் ஓடிக்கொண்டே இருக்கும். பால் கடைவாய்ப் பல்லில் வைத்த சிமென்ட் அடைப்பு ஒரு வருடத்துக்குள் ஓரம் தேய்ந்து, நாக்கில் சொரசொரவென்று படுகிறது என்கிறான். பல் மருத்துவர் மிட்டாயைப் பற்றிக் கேட்கவே இல்லை. "ராத்திரி என்ன மருந்து கொடுக்கிறீர்கள்?" என்றுதான் கேட்டார். பாட்டில் லேபிளில் சுக்ரோஸ், சிட்ரிக் அமிலம் இரண்டையும் விரல் வைத்துக் காட்டினார். உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருக்கிறதா?

மருந்துக்கடைக்காரர்:
கசப்பை மறைக்கச் சர்க்கரை, சுவைக்காகவும் மருந்து கெடாமல் இருக்கவும் அமிலம். பல சிரப்களின் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்), பல்லின் வெளிப்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும் 5.5-க்கும் கீழே இருக்கிறது. என்னிடம் வரும் பெற்றோர் 'சர்க்கரை இல்லாதது' என்று கேட்டு வாங்குகிறார்கள். நல்லதுதான், ஆனால் அதிலும் அமிலம் இருக்கலாம். அதையும் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

மழைத்துளி:
எங்களுக்கு இரும்புச்சத்து டானிக். அடைப்பைச் சுற்றிக் கறுப்புக் கோடு விழுந்ததும் மறுபடி சொத்தை என்று பயந்துபோனோம். வெறும் கறைதான், பாலிஷ் செய்ததும் போய்விட்டது. அடைப்பு வழவழப்பாக இருந்தால் கறை இவ்வளவு ஒட்டாதாம். இப்போது சிரிஞ்சில் எடுத்து, பல்லில் படாமல் வாயின் பின்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறோம்.

பல் கிளினிக் உதவியாளர்:
வானவில், நீங்கள் சொல்வது கிளாஸ் அயனோமர் சிமென்டாக இருக்கும். ஈரத்திலும் ஒட்டும், பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் ஃபுளோரைடு கசியும், அதனால்தான் சின்னப் பிள்ளைகளுக்கு அதை வைக்கிறோம். அமிலம் அடிக்கடி பட்டால் அதன் மேற்பரப்பு அரிக்கும், கடினம் குறையும். அந்தச் சொரசொரப்பில் கிருமிப் படலம் சுலபமாகத் தங்கிவிடும். கம்போசிட் என்ற பல் நிறப் பிசின் அடைப்பு அமிலத்தை இன்னும் நன்றாகத் தாங்கும், ஆனால் பிள்ளை அசையாமல் இருக்க வேண்டும், பல் காய்ந்திருக்க வேண்டும். நடைமுறையில் அது எளிதல்ல.

நான் எல்லாரிடமும் சொல்வது இதுதான்: மருந்து கொடுத்ததும் தண்ணீர் கொடுத்து வாயை அலசச் சொல்லுங்கள். உடனே பிரஷ் வேண்டாம், அரை மணி நேரம் போகட்டும். தூங்கும்போது எச்சில் மிகவும் குறைந்துவிடும், அதனால் படுக்கையில் வைத்துக் கொடுக்கும் கடைசி டோஸ்தான் அதிகம் கெடுக்கிறது. டாக்டர் சம்மதித்தால் அதை ராத்திரிச் சாப்பாட்டோடு கொடுத்துவிடலாம். பல் தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும்.

நீலக்குடை:
என் மகளுக்கு வலிப்பு மருந்து. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, சிரப்பைத் தவிர வேறு எதையும் அவளால் விழுங்க முடியாது. பல்லுக்குப் பயந்து மருந்தை நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதை முதலிலேயே பல் மருத்துவரிடம் சொல்லிவிட்டோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபுளோரைடு வார்னிஷ் பூசி, அடைப்பின் ஓரங்களைப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் அப்போதே மெருகேற்றிவிடுகிறார். மாத்திரை விழுங்கும் வயது வந்ததும் மாற்றலாம் என்று நரம்பியல் டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை இப்படித்தான் ஓட்டுகிறோம், அடைப்புகள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன.