ஹீலியம் பலூன் பெட்டியைத் தூக்கவில்லை, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. உதவி!

குமரன்_திருச்சி: அவசரம். நாளை மாலை மகள் பிறந்தநாள். 18 அங்குல பலூனில் 15 கிராம் அட்டைப்பெட்டியைக் கட்டி மேலே விட வேண்டும். ஆரம் 22.9 செ.மீ., கோளத்தின் கன அளவு 50 லிட்டர். லிட்டருக்கு 1 கிராம் என்றால் 50 கிராம் தூக்க வேண்டும். பெட்டி அசையவே இல்லை. ஏன்?

சோடாபுட்டி: பலூன் எடை எவ்வளவு? எப்போது நிரப்பினீர்கள்? நேற்றே என்றால் கொஞ்சம் கேஸ் போயிருக்கும்.

குமரன்_திருச்சி: இப்போதுதான் நிரப்பினேன்.

வாத்தி_ரிடையர்டு: பலூன் விலக்கித் தள்ளும் காற்றின் எடைதான் மிதப்பு விசை. பள்ளிக்கூடப் பாடம் ஐயா இது. 30 டிகிரியில் காற்று கன மீட்டருக்கு 1.165 கிலோ, ஹீலியம் 0.16. மிச்சம் 1 கிலோ. அதில் உறையின் எடையைக் கழிக்கச் சொல்லித் தரவில்லையா?

மலைக்கோட்டை: சிலிண்டரில் காற்று கலந்திருப்பான். பலூன் கேஸ் என்று விற்பதெல்லாம் சுத்த ஹீலியம் இல்லை. பந்தயம் கட்டுகிறேன்.

ராக்கெட்ராஜா: ஹைட்ரஜன் போடுங்க ப்ரோ. ஹீலியத்தில் பாதி எடைதான், ரெண்டு மடங்கு தூக்கும்.

வாத்தி_ரிடையர்டு: தூக்காது. 1.165-இல் 0.08 கழித்தால் 1.085. வெறும் 8 சதவீதம் கூடுதல். அதற்காக மெழுகுவத்தி ஏற்றுகிற வீட்டில் ஹைட்ரஜனா? 1937-இல் அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் ஹைட்ரஜன் நிரப்பிய ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்தது தெரியுமா?

ராக்கெட்ராஜா: அதில் முதலில் பற்றியது துணியின் மேற்பூச்சு சார்.

வாத்தி_ரிடையர்டு: 245 மீட்டர் கப்பலை அரை நிமிடத்தில் தின்றது பூச்சா? கேட்பவன் கேனையன் என்றால்...

தென்றல்: சண்டை அப்புறம். குமரன், பலூன் ரப்பரா, ஃபாயிலா?

குமரன்_திருச்சி: வெள்ளி நிற ஃபாயில், வட்டம். அது முக்கியமா?

தென்றல்: அதுதான் விஷயமே. 18 அங்குலம் என்பது காற்றில்லாமல் தட்டையாகக் கிடக்கும்போது அளந்தது. ஃபாயில் ரப்பர் மாதிரி இழுபடாது. ஊதினால் ஓரம் சுருங்கி உள்ளே வரும், குறுக்களவு கிட்டத்தட்ட 76 சதவீதமாகிவிடும், ஏறக்குறைய 13.7 அங்குலம். வடிவமும் கோளம் இல்லை, தலையணை. அந்த வடிவத்துக்குக் கன அளவு, தட்டை ஆரத்தின் மும்மடியை (ஆரம் × ஆரம் × ஆரம்) 1.22 ஆல் பெருக்கினால் வரும். நீங்கள் பெருக்கியது கோளத்துக்கான 4.19 ஆல். உங்கள் பலூனில் 14.5 லிட்டர்தான் இருக்கிறது. காலி பலூனைத் தராசில் வைத்துச் சொல்லுங்கள்.

குமரன்_திருச்சி: 9 கிராம்.

தென்றல்: அப்போது மிச்சம் 5.5 கிராம். மூன்று பலூன் கட்டினால் 16.5, ரிப்பன் எடையிலேயே தட்டிவிடும். நாலாகக் கட்டுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு.

மலைக்கோட்டை: கேஸிலும் கலப்படம் இருக்கும், பாருங்கள்.

குமரன்_திருச்சி: நாலு கட்டினேன். போய்விட்டது மேலே. நன்றி.

ராக்கெட்ராஜா: வாத்தி சார், ஹிண்டன்பர்க்குக்குத் தனி இழை போட்டிருக்கிறேன். அங்கே வாங்க.