மறு: ‘சின்டரிங்’ – ‘சுட்டிறுக்கல்’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நாம் தமிழாக்கிவரும் அணு எரிபொருள் தயாரிப்புச் சொற்களில் ‘சின்டரிங்’ (அச்சில் அழுத்திய பொடியை உருக்காமல் சுட்டுக் கெட்டியாக்குவது) மட்டும் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. முன்மடலில் வந்த ‘உருக்கிப் பிணைத்தல்’ எனக்கு ஏற்பில்லை. எரிபொருளான யுரேனியம் டைஆக்சைடு உருக 2,800 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். அதன் பொடியை அழுத்திச் செய்த வில்லைகளைச் சுடுவதோ ஹைட்ரஜன் நிறைந்த உலையில், ஏறத்தாழ 1,700 டிகிரியில். எதுவும் உருகுவதே இல்லை. ‘சிட்டங்கட்டல்’ அதைவிடச் சிக்கல்: சிட்டம் என்பது இரும்பை உருக்கும்போது ஒதுங்கும் கழிவு.

அச்சில் அழுத்திய பொடியில் துகள்கள் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும், அவ்வளவுதான். பாதிக்குச் சற்றுக் கூடுதலாகப் பொருள், மீதி வெற்றிடம். சூட்டில் அணுக்கள் நகர்ந்து, தொடும் இடத்தில் கழுத்துப்போல் ஒட்டு வளர்கிறது. நுண்துளைகள் சுருங்க, வில்லையும் சிறுக்கிறது. கடைசியில் முழு அடர்த்தியில் சுமார் 95 விழுக்காடு கிடைக்கும். மீதியைத் தெரிந்தேதான் விடுகிறார்கள். பின்னால் அணு உலைக்குள் அணுப்பிளவால் வில்லை உப்பும்போது இடம் வேண்டுமே. சூடும், அளந்து பெறும் இறுக்கமும்தான் இந்த வேலையின் உயிர். அதனால் என் பரிந்துரை: சுட்டிறுக்கல்.

‘சுட்டிறுகல்’ கூடாதா என்றால், சுடுபவர் ஒருவர், இறுகுவது பொடி; எழுவாய் மாறிவிடுகிறது. சுடுவதும் இறுக்குவதும் ஒரே ஆளின் வேலை. ‘சுட்டு’ என்றதும் சுட்டிக்காட்டுதல் நினைவுக்கு வரும் என்ற தயக்கமும் வேண்டாம். ‘சுட்டெரிக்கும் வெயில்’ யாரையும் குழப்பவில்லை. சுட்டிறுக்குலை, சுட்டிறுக்கிய வில்லை என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன.

இன்னொன்று எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. சுடுவதற்கு முந்தைய வில்லையை ஆங்கிலத்தில் ‘பச்சை’ என்றே சொல்கிறார்கள். இதை இரவல் என்று நினைத்துத் தள்ள வேண்டாம். சுடாத மண்பாண்டத்தை வள்ளுவர் ‘பசுமட்கலம்’ என்கிறார் (குறள் 660). சூளைக்குப் போகாத செங்கல்லும் நமக்குப் பச்சைதான். ‘பச்சைவில்லை’ நம் சொல்லே.

வில்லைகளை அடுக்கி வைக்கும், ‘கிளாடிங்’ என்ற சிர்க்கோனியக் கலவைக் குழாய்க்கு ‘உறை’ போதும். ‘கவசம்’ கதிர்வீச்சைத் தடுக்கும் சுவருக்கு இருக்கட்டும்.

சுட்டிறுக்கிய வில்லையைச் சாணையில் கொடுத்து விட்டத்தைச் சரிசெய்கிறார்கள். குழாய்க்கும் வில்லைக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான். மையத்தில் பிடிக்காமலே வில்லையைச் சுழற்றும் அந்தச் சாணைக்கு ‘மையப்பிடியிலாச் சாணை’ என்று எழுதிப் பார்த்தேன். நீளமாக இருக்கிறது. குறுக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.