நாட்குறிப்பின் நடுவில் வேறொருவர் கையெழுத்து: உங்களை விடாத விக்டோரிய நாவல் காட்சி எது?

மழைக்குருவி:

வில்லன் ஃபாஸ்கோவின் பின்குறிப்பைப் பற்றி யாரிடமாவது சொல்லியாக வேண்டும். நான்கு மாதமாக மனதை அரிக்கிறது. வில்கி காலின்ஸின் 'தி வுமன் இன் வொயிட்' படித்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும்.

லாராவின் அக்கா மேரியன் பட்டு உடையைக் கழற்றிவிட்டு, கறுப்பு மேலங்கியைப் போர்த்திக்கொண்டு, தாழ்வாரக் கூரைமேல் போய் உட்கார்ந்து, லாராவின் கணவன் பெர்சிவலும் அவன் நண்பன் ஃபாஸ்கோவும் போடும் சதியை ஒட்டுக் கேட்கிறாள். மழை கொட்டுகிறது. நனைந்து நடுங்கியபடி திரும்பி வந்து, கேட்டதை எல்லாம் எழுதுகிறாள். காய்ச்சல் ஏற ஏற எழுத்து சிதைகிறது. கடைசியில் மிஞ்சுவது லாராவின் பெயரில் முதல் இரண்டு எழுத்தைப் போன்ற கிறுக்கல். பக்கத்தைத் திருப்பினால் ஓர் ஆணின் கையெழுத்து. பெரிதாக, அழுத்தமாக, ஒரு பிசிறு இல்லாமல். அவள் நினைவில்லாமல் கிடக்கும்போது ஃபாஸ்கோ முழுவதையும் படித்துவிட்டு, அவளைப் பாராட்டி எழுதிவைத்திருக்கிறான்.

அப்போது இரவு ஒன்றரை மணி. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய் என் மேசை இழுப்பறையைப் பூட்டினேன். பத்து வருட நாட்குறிப்புகள் அதில் இருக்கின்றன. அதுவரை பூட்டியதே இல்லை. அவன் திட்டியிருந்தால்கூட இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. பாராட்டுகிறானே! வீட்டுக்குள்ளேயே குற்றமும் ரகசியமும் வைத்த 1860-களின் 'சென்சேஷன்' நாவல்களில் உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

முத்திரைத்தாள்:

எனக்கு அதே நாவலில் அந்த மடித்த பத்திரம். பெர்சிவல் கடைசி மடிப்பை மட்டும் விரித்துவைத்து, இங்கே கையெழுத்துப் போடு என்கிறானே, அதுதான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று லாரா கேட்கிறாள். விளக்க நேரமில்லை என்கிறான்.

நான் பத்திரம் எழுதும் தொழிலில் இருபது வருடம் இருந்தவன். ஒரு நாள் இரண்டு அண்ணன்மார் தங்கையை அழைத்து வந்திருந்தார்கள். சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். தாள்களைக் கிளிப் போட்டு, கையெழுத்துப் போடும் ஓரம் மட்டும் தெரியும்படி நீட்டினார்கள். "எங்கே போட வேண்டும் தம்பி?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார். நான் விரலால் தொட்டுக் காட்டினேன். காட்டிய அந்த விரல்தான் இன்றும் உறுத்துகிறது. லாரா படிக்காமல் போடமாட்டேன் என்று பேனாவை வைத்துவிடும் இடத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். பத்திர வரைவை முந்தின நாளே கேட்டு வாங்குங்கள். பாகப்பிரிவினை என்று சொல்லி அழைத்துப்போய் விடுதலைப் பத்திரத்தை நீட்டுவார்கள், தலைப்பைப் பாருங்கள். சொத்து விவரப் பக்கத்தில் சர்வே எண், விஸ்தீரணம், நான்கு எல்லை மூன்றையும் விரல் வைத்துப் படியுங்கள். கண் தெரியாவிட்டால், குடும்பத்தைச் சேராத ஒருவரை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பணம் பெற்றுக்கொண்டதாக எழுதியிருந்தால், அந்தப் பணம் உண்மையிலேயே கைக்கு வந்ததா என்று பாருங்கள். வில்லங்கச் சான்று எடுக்கச் சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை உண்டு. லாராவுக்கு அந்தக் காலத்தில் அப்படி ஒன்றும் இல்லை. மணமான பெண்ணின் சொத்தை அவளுடையதாகவே வைத்துக்கொள்ள இங்கிலாந்தில் 1870-லும் 1882-லும் சட்டம் வர வேண்டியிருந்தது. நாவல் வந்தது 1860-இல்.

செம்பருத்தி:

முத்திரைத்தாள் ஐயா சொன்னது நெஞ்சைப் பிசைந்தது. என்னுடையது மேரி எலிசபெத் பிராடனின் 'லேடி ஆட்லிஸ் சீக்ரெட்', 1862. தொப்பிப் பெட்டிக் காட்சி. பெட்டியின் மேல் பெயர்ச்சீட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். காணாமல்போன நண்பனைப் பற்றித் துப்புத் தேடும் ராபர்ட் மேல் சீட்டை நனைத்து மெல்ல உரிப்பான். அடியில் லேடி ஆட்லி விட்டுவந்த பெயர்.

விவாகரத்துக்குப் பிறகு ஓர் அலுவலகத்தில் என் பெயரை மாற்றித் தந்தார்கள். அட்டையில் பழைய பெயரின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, அதில் புதிய பெயரை எழுதியிருந்தார்கள். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் அடியில் இருக்கும் பெயர் தெரியும். நாவலைப் படித்த பிறகு அந்த அட்டையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ராபர்ட்டின் ஈர விரல்தான் நினைவுக்கு வருகிறது.

நான் லேடி ஆட்லியின் பக்கம். கைக்குழந்தையோடு அவளை விட்டுவிட்டு, ஒரு சீட்டு எழுதிவைத்து, ஆஸ்திரேலியாவுக்குத் தங்கம் தேடிப் போனவன் முதல் கணவன். மூன்றரை வருடம் ஒரு கடிதம் இல்லை. அவளுக்குப் பைத்தியம் இல்லை என்றுதான் டாக்டரும் முதலில் சொல்கிறார். ஆபத்தானவள் என்று பிறகு சொல்லி, பெல்ஜியத்து மனநோய் விடுதியில் ஆயுளுக்கும் அடைக்க வழிசெய்கிறார். குடும்ப மானம் பிழைத்தது. பிராடனுக்கு இது கேள்விப்பட்ட கதை அல்ல. அவர் சேர்ந்து வாழ்ந்த பதிப்பாளர் மாக்ஸ்வெல்லின் மனைவி மனநோய் விடுதியில்தான் இருந்தார். அந்தப் பெண் இறந்த பிறகுதான், 1874-இல், இவர்கள் மணந்துகொள்ள முடிந்தது.

கடிகாரமுள்:

செம்பருத்தி, தீயை மறந்துவிட்டீர்கள். ராபர்ட் தூங்குவதாக நினைத்து அறைக் கதவை வெளியிலிருந்து இரட்டைப் பூட்டாகப் பூட்டிவிட்டு, அவன் தங்கிய சத்திரத்துக்கே தீவைத்தவள் அவள். சத்திரக்காரன் லூக் அந்தத் தீயால்தான் செத்தான். கணவன் ஓடிப்போனதற்கு லூக் என்ன செய்வான்?

என் அனுபவம் சிறியது. காலின்ஸின் கதை முழுவதும் ஒரு தேதியில் தொங்குகிறது: லாரா லண்டனுக்குக் கிளம்பிய நாள். அதைச் சரிபார்க்க, காலண்டர் தாளின் பின்புறம் நாள்வாரியாக எழுதிக்கொண்டே படித்தேன். முதல் பதிப்பில் அந்தத் தேதியே பதினைந்து நாள் தவறு என்று 'டைம்ஸ்' விமர்சகர் பிடித்ததும், காலின்ஸ் அடுத்த பதிப்பில் திருத்தியதும் பிறகுதான் தெரிந்தது. என்னைப்போல் ஒருவர் 1860-லேயே தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணி அன்று முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

புதிதாகப் படிப்பவர்கள் முன்னுரையைத் தொடாதீர்கள். கதையை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று விமர்சகர்களைக் காலின்ஸே கேட்டுக்கொண்டார்; இன்றைய பதிப்புகளின் முன்னுரைகள் முதல் பக்கத்திலேயே உடைத்துவிடுகின்றன. ஒரே மூச்சில் படிக்கவும் வேண்டாம். டிக்கன்ஸின் வார இதழில் 1859 நவம்பர் முதல் 1860 ஆகஸ்ட் வரை வந்த தொடர் அது. வாரம் ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டு படியுங்கள். ஏழு நாள் காத்திருந்தால்தான் அந்தப் பின்குறிப்பின் அடி முழுதாக விழும்.

அலைகடல்:

எலன் வுட்டின் 'ஈஸ்ட் லின்'. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்ட முடியவில்லை. வீட்டை விட்டுப் போன இசபெல் ரயில் விபத்தில் முகம் சிதைந்து, செத்துவிட்டதாக எல்லோரும் நம்ப, நிறக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தன் பிள்ளைகளுக்கே ஆசிரியையாக அதே வீட்டில் வேலைக்கு வருகிறாள். காசநோயில் கிடக்கும் மகன், சொர்க்கத்தில் அம்மாவைப் பார்ப்பேனா என்று அவளிடமே கேட்கிறான்.

நான் மஸ்கட்டில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று, என் மகன் பாட்டியின் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டு, யார் வந்திருக்கிறார்கள் என்று பாட்டியிடம் கேட்டான். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை நான்.

அம்மா என்று ஒரு தடவை கூப்பிடாமலே செத்துவிட்டாயே என்று அவள் கதறும் வசனத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது நாவலில் இல்லை, மேடை நாடகத்தில் சேர்த்தது.

தூக்கணாங்கூடு:

பின்னே வந்த நாவல்களையும் சேர்த்துக்கொள்ளலாம் அல்லவா? சாரா வாட்டர்ஸின் 'ஃபிங்கர்ஸ்மித்', 2002. (படிக்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிவிடுங்கள்.) மனநோய் விடுதி வாசலில் வண்டி நிற்கிறது. பணக்காரப் பெண் மோடை உள்ளே தள்ளத்தான், வேலைக்காரியாக நடிக்கும் திருட்டுக் கூட்டத்துப் பெண் சூ வந்திருக்கிறாள். டாக்டர்கள் பிடிப்பது சூவின் கையை.

அங்கேயே நிறுத்திவிட்டு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போனேன். எங்கே ஏமாந்தேன் என்று தெரியாமல் மேலே படிக்க மனம் வரவில்லை. ஒரு வரிகூடப் பொய் இல்லை. சூ பார்த்ததை அப்படியே சொல்லியிருந்தாள். பார்த்ததற்குப் பொருள்தான் வேறு. கொரியப் படமாக, ஜப்பானிய ஆட்சிக் காலத்துக்கு மாற்றி, 2016-இல் எடுத்ததையும் பார்த்தேன். அரங்கில் எனக்கு முன்வரிசைப் பெண் அந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்.

மழைக்குருவி, கில்லியன் ஃபிளின்னின் 'கான் கேர்ள்' படித்தீர்களா? மேரியனின் நாட்குறிப்பை எதிரி திருடிப் படிக்கிறான். இதில் வரும் ஏமி, போலீஸ் படிக்கட்டும் என்றே பொய் நாட்குறிப்பு எழுதிவைக்கிறாள்.

பழுப்புத்தாள்:

தாத்தாவின் தகரப் பெட்டியில் ஆங்கில எழுத்தாளர் ரெய்னால்ட்ஸின் நாவல்கள் இருந்தன. கரையான் தின்றது போக நாலு பாகம். ஆரணி குப்புசாமி முதலியார் காலத்து மர்ம நாவல்கள் பலவற்றுக்கு ஊற்று அதுதான். மறைமலையடிகளே 'குமுதவல்லி'யை ரெய்னால்ட்ஸிடமிருந்து தழுவித்தான் எழுதினார். ரெய்னால்ட்ஸையும் இந்தப் பட்டியலில் சேருங்கள்.

கடிகாரமுள்:

சேர்க்க முடியாது. ரெய்னால்ட்ஸ் 1840-களில் ஒரு பென்னி இதழ்களில் எழுதியவர். தொழிலாளர்கள் படித்த கதை. 1860-களில் வந்த சென்சேஷன் நாவல்கள் வசதியான வீட்டுக் கூடத்துக்குள்ளேயே குற்றத்தைக் கொண்டுபோய் வைத்தன. 1863-இல் விமர்சகர் ஹென்றி மான்செல் 'குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழில் சீறியதே அதற்காகத்தான்.

மழைக்குருவி:

தூக்கணாங்கூடு, 'கான் கேர்ள்' படித்தேன். ஏமியின் நாட்குறிப்பு பொய் என்று தெரிந்த இடத்தில் எனக்குக் கோபமே வரவில்லை, அது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

நேற்று இரவு காலின்ஸை மறுபடி எடுத்து, பின்குறிப்புக்குப் பிறகு வரும் பக்கங்களை மட்டும் புரட்டினேன். சமையற்காரி பேசுகிறாள், டாக்டர் சான்று தருகிறார், கல்லறைக் கல்கூட ஒரு பகுதியாக வருகிறது. ஃபாஸ்கோவுக்கே தனி வாக்குமூலம் உண்டு. மேரியன் குணமடைந்து எழுந்து நடமாடுகிறாள். ஆனால் அவள் நாட்குறிப்பு மட்டும் திரும்ப வரவே இல்லை. அவள் சொல்வதை, லாராவைக் காதலிக்கும் வால்டர்தான் எழுதுகிறான்.