மறு: முப்பரிமாணப் படப்பிடிப்புச் சொற்கள் – ‘குவிதல்’ வேண்டாமே

ஐயா, வணக்கம்.

3டி படப்பிடிப்புச் சொற்களுக்கு நீங்கள் அனுப்பிய தமிழ்ப் பட்டியல் பார்த்தேன், பெரும்பாலும் சரி. ஒரே இடத்தில்தான் இடிக்கிறது.

> ஃபோகஸ் – குவியம்
> கன்வர்ஜென்ஸ் – குவிதல்

அகராதியில் இரண்டும் பிழையில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வம்பு தெரியும். போன மாதம் இங்கே கோலாலம்பூரில் நம் தொலைக்காட்சி நாடகக்காரர்கள் பத்துப் பதினைந்து பேருக்கு 3டி பயிற்சி நடந்தது. பாடம் எடுத்தவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேச, பின்வரிசைக்கு நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். “குவிதலைக் கொஞ்சம் பின்னால் தள்ளு” என்றேன், தம்பி ஒருவர் நேரே போய் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிவிட்டார். அவரை என்ன சொல்வது, முதல் நாள் ஃபோகஸுக்குக் குவியம் என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தானே.

ஃபோகஸ் ஒற்றை லென்ஸின் சமாச்சாரம். கன்வர்ஜென்ஸுக்கு இரண்டு கேமரா வேண்டும். இடது, வலது இரண்டின் பார்வைக்கோடும் எந்தத் தூரத்தில் சந்திக்கிறதோ அங்கே இருக்கும் பொருள் திரைமேலேயே ஒட்டினாற்போல் தெரியும். அதற்கு இப்பால் இருப்பது திரையை விட்டு நம் பக்கம் வரும், அப்பால் இருப்பது உள்ளே போகும். ஒரே ஷாட்டில் ஃபோகஸ் நடிகையின் முகத்திலும் கன்வர்ஜென்ஸ் பின்சுவரிலும் இருக்கலாம், முகம் நம்மை நோக்கி வர வேண்டுமென்றால் அப்படித்தான் வைப்பார்கள். இரண்டையும் ‘குவி’ என்றால் யார் எதைத் திருப்புவது?

என் சொல்: கூடல். கோலாலம்பூர்க்காரன் வேறெதைச் சொல்வேன், மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசல் அருகே கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேருமிடத்தில் பிறந்த ஊராயிற்றே. இரண்டு கோடு வந்து ஓரிடத்தில் சேர்வது அதே படம்தான். கூடல் தளம், கூடல் தூரம், “கூடலை முன்னால் இழு”. வாயில் நிற்கிறது. இதற்கு நம் குழுவில் அக்கா கேட்டது:

> ஊடல் கூடல் என்று பையன்கள் சிரிக்க மாட்டார்களா?

சிரிப்பார்கள் அக்கா, இரண்டு நாள். இலக்கண வகுப்பில் புணர்ச்சி விதியைப் படித்துத் தேறி வந்தவர்கள்தானே நாம்.

இன்னொரு காரணமும் உண்டு. கேமராக்களை உள்நோக்கித் திருப்பினால் ஓரங்களில் இடதுபடமும் வலதுபடமும் மேலும் கீழுமாக விலகிக் கண்ணை வலிக்கவைக்கும். அதனால் இணையாக வைத்தே எடுத்துவிட்டு, அப்புறம் தொகுப்பில் இரண்டு படத்தையும் பக்கவாட்டில் நகர்த்திக்கொள்பவர்கள் நிறைய. அங்கே எந்தக் கோடும் குவிவதில்லை, ஆனால் இரண்டு படமும் கூடுகிற தளம் அங்கேயும் இருக்கிறது. குவிதல் என்று வைத்தால் அந்த முறைக்கு வேறு சொல் தேட வேண்டிவரும்.

பட்டியலில் இன்டராக்ஸியலுக்கு, அதாவது இரண்டு கேமரா லென்ஸுக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு, ‘கண்ணிடைவெளி’ என்று இருப்பதையும் மாற்றிவிடலாம். கண்ணிடை நம் முகத்தில் இருப்பது, சுமார் 6.5 சென்டிமீட்டர், அதை யாரும் மாற்ற முடியாது. லென்ஸுகளுக்கு நடுவே உள்ளது ஷாட்டுக்கு ஷாட் மாறும். மிக நெருங்கிய பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு என்று ஒரு கைக்கணக்கு உண்டு; முகம் 60 சென்டிமீட்டரில் என்றால் 2 சென்டிமீட்டர்தான். இரண்டு பெரிய கேமராவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவ்வளவு நெருக்க முடியாது, அதற்காகத்தான் 45 பாகையில் பாதி ஒளி ஊடுருவும் கண்ணாடி வைத்த ரிக், அதாவது இரண்டு கேமராவையும் தாங்கும் சட்டகம். எனவே ‘லென்ஸிடை’ போதும். வில்லையிடை என்றும் யோசித்தேன், வில்லை என்றால் எல்லாருக்கும் மருந்துக்கடை ஞாபகம் வருகிறது.

அடுத்த வகுப்புக்குத் தாள் அச்சடிக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். கூடல் பிடிக்காமல் வேறு சொல் தருகிறவர்கள், ஜெனரேட்டர் ஓடும் இடத்தில் நின்று அதை ஒருமுறை கத்திப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.