வருகாட்சி: எதிர்காலத்தைக் கணநேரம் காண்பதற்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

'ஃப்ளாஷ்ஃபார்வர்டு' என்பதற்கு ஈடாகச் சென்ற வாரம் நான் கேட்டிருந்த தமிழ்ச் சொல்லுக்குப் பதினொரு பரிந்துரைகள் வந்துள்ளன. அனைத்தையும் தாளில் எழுதி, கையெழுத்துப்படியின் வாக்கியங்களில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். புதிதாக இணைந்தவர்களுக்காக நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் மெய்ப்புப் பார்க்கும் அறிவியல் புனைகதை, சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் கூடமொன்றில் தொடங்குகிறது. ஒரு பிற்பகலில் ஊரே தொண்ணூறு நொடி நினைவிழக்கிறது. தறிக்கு ஊடைநூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்த மனைவி, அந்தத் தொண்ணூறு நொடியும், பதினொரு மாதம் கழித்து வரப்போகும் ஒரு மாலையில், நிலைக்கண்ணாடி முன் நின்று தன் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கழுத்தில் தாலி இல்லை. தறி ஓட்டிக்கொண்டிருந்த கணவனோ இருட்டைத் தவிர எதையும் காணவில்லை. மீதிக் கதை முழுவதும் அந்தப் பதினொரு மாதத்தில் நடக்கிறது.

எழுதிய இளைஞர் இந்த நிகழ்ச்சியை அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் 'ஃப்ளாஷ்ஃபார்வர்டு' என்றே எழுதியிருக்கிறார். கருவும் முற்றிலும் புதியதன்று என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். கனடிய எழுத்தாளர் ராபர்ட் ஜே. சாயர் 1999இல் வெளியிட்ட நாவலில், ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் பெரிய ஹாட்ரான் மோதுவியில் ஹிக்ஸ் துகளைத் தேடும் சோதனை தொடங்கும் கணத்தில், மாந்தர் அனைவரும் இரண்டு நிமிடத்திற்குச் சற்றுக் குறைவான நேரம் நினைவிழந்து, 21 ஆண்டுகளுக்கு அப்பால் தாம் வாழப்போகும் ஒரு துண்டு நேரத்தைக் கண்டு மீள்கிறார்கள். ஒன்றும் காணாதவர் அந்நாளில் உயிரோடிருக்க மாட்டார் என்னும் கணக்கும் அங்கேயே இருக்கிறது. 2009இல் அமெரிக்க ஏபிசி நிறுவனம் அதைத் தொலைக்காட்சித் தொடராக்கியபோது நேரத்தை 137 நொடியாகவும், தொலைவை ஏறத்தாழ ஆறு மாதமாகவும் மாற்றியமைத்தது. நம் இளைஞர் அதனினும் சிறியதாகக் கத்தரித்து ஓர் ஊருக்குள் அடக்கிவிட்டார். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

நாம் பெயரிட வேண்டியது எது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். கதைசொல்லி பின்னால் நடப்பதை இடையிலேயே காட்டுவது ஓர் உத்தி. அதற்கு 'காலத்தாவல்' போதும், அதைப் பற்றி நான் கேட்கவில்லை. வரப்போவதை அறியும் ஆற்றல் ஒருவருக்கு இருப்பதாகச் சொல்வது வேறு. அதற்கு 427ஆம் குறளின் 'ஆவது அறிவார்' என்னும் தொடரிலிருந்து 'ஆவதறிதல்' என்று கரூர் நண்பர் ஆக்கித் தந்த சொல்லை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். நமக்கு வேண்டிய சொல்லோ கதைக்குள் நிகழும் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பது. ஆற்றல் ஏதும் இல்லாதவருக்கும், விரும்பாதவருக்கும், ஒருமுறை மட்டும், எண்ணக்கூடிய நொடிகளுக்குள் அது நேர்ந்து முடிகிறது.

பதினொன்றில் ஆறு பரிந்துரைகள் 'முன்' என்பதில் தொடங்குகின்றன: முன்காட்சி, முற்காட்சி, முன்னோக்கு முதலியவை. இங்கேதான் தமிழ் நம் காலை வாரிவிடுகிறது. இடத்தைப் பொறுத்தவரை முன் என்பது நாம் முகம் நோக்கும் பக்கம். காலத்தைப் பொறுத்தவரை அது கடந்துபோன பக்கம். முன்னோர் இறந்தவர்கள், பின்னோர் இனிப் பிறப்பவர்கள். முற்பிறவி கழிந்தது, பிற்காலச் சோழர் பின்னர் வந்தவர். ஆனால் முன்னேறுகிறவன் கழிந்ததை நோக்கிப் போவதில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியவரைப் பற்றி விசாரித்தபோது, "அவரு பஸ்ஸுக்கு முன்னாடியே போயிட்டாருங்க" என்றார்கள்; பேருந்து வருவதற்குள் கிளம்பிவிட்டாரா, பேருந்தின் எதிரே நடந்து போனாரா என்று நான் இன்னொரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. 'முன்னறிவிப்பு', 'முன்பணம்' ஆகியவற்றில் முன் என்பது நிகழ்ச்சிக்கு முந்திய நேரத்தைக் குறிப்பதால் குழப்பமில்லை. அறிவிப்பு முந்துகிறது, மழை பிந்துகிறது. காட்சிக்கு முன்னே அந்த ஒட்டைச் சேர்த்தாலோ காட்சியே முந்திய காலத்துக்கு உரியதாகிவிடுகிறது.

இது வெறும் இலக்கண வம்பு என்று எண்ணாதீர்கள். கையெழுத்துப்படியின் முதல் இயலில் வரும் வாக்கியத்தையே பாருங்கள்: 'முற்காட்சியில் அவள் கழுத்தில் தாலி இல்லை.' என் வீட்டில் மூவரிடம் இதைப் படித்துக் காட்டினேன். மூவருமே, திருமணத்துக்கு முந்திய நாளொன்றை அவள் நினைத்துப் பார்க்கிறாள் என்றே கொண்டார்கள். கணவன் சாகப்போகிறான் என்று வாசகர் அதிர வேண்டிய இடத்தில் பழைய நினைவின் இனிமை வந்து உட்கார்ந்துவிடுகிறது. 'பிற்காட்சி' என்று திருப்பிப் போட்டாலும் விடிவில்லை. திரைப்படத்துப் பழங்கதையைப் 'பின்னோக்கு' என்று எழுதிப் பழகிய கண்ணுக்கு அது மறுபடியும் இறந்தகாலத்தையே காட்டும். ஆகவே முன், பின் இரண்டையும் விலக்கிவிட வேண்டும் என்பதே என் துணிபு.

அடுத்து 'எதிர்'. இதன் குலம் உயர்ந்தது. இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று தொல்காப்பியம் வகுத்த மூன்றில் ஒன்று இது. 'எதிரதாக் காக்கும் அறிவினார்' என்று 429ஆம் குறளில் வள்ளுவர் சொன்னதும், வந்துகொண்டிருப்பதை முகத்துக்கு நேராகப் பார்க்கும் மனிதரைத்தான். வேறு கதையாயிருந்தால் 'எதிர்காட்சி' என்று எழுதி நான் ஓய்ந்திருப்பேன். இந்தக் கதையில் கோவையிலிருந்து வரும் இயற்பியல் பேராசிரியர் ஒருவர் எதிர்த்துகள், எதிர்ப்பொருள், எதிர்மின்னி என்று பக்கத்துக்குப் பக்கம் பேசுகிறார். அவர் வாயில் 'எதிர்காட்சி' என்பது காட்சியின் மறுதலையாக, காட்சியை அழிக்கும் ஏதோ ஒன்றாக ஒலிக்கும். 'எதிர்மின்னல்' என்ற பரிந்துரை அதனினும் ஆபத்தானது. ஆங்கிலச் சொல்லின் பாதியைக் காப்பாற்ற மின்னலைக் கொண்டுவந்தவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: மின்வெட்டு என்பது மிக அழகிய சொல்தான், ஆனால் சோமனூரில் அதைக் கேட்டதும் தறி நின்றுபோகும்.

பெருந்துறையிலிருந்து எழுதிய நண்பர், புதுச்சொல் எதற்கு, நம் ஊரிலேயே இதற்கு வழக்கு இருக்கிறதே என்று கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது. கோடாங்கி உடுக்கை அடித்துக் குறி சொல்கிறார்; கோயிலில் பூவாக்குக் கேட்கிறோம்; கவுளி சொல்வதற்கும் பலன் பார்க்கிறோம். காங்கயத்தை அடுத்த சிவன்மலைக் கோயிலில் 'ஆண்டவன் உத்தரவு' என்ற பெயரில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் முருகன் ஒரு பொருளைச் சொல்வார்; அவர் வந்து தெரிவித்ததும் பூ வைத்துக் கேட்டு, உத்தரவானால் அந்தப் பொருளைப் பெட்டிக்குள் வைப்பார்கள்; அடுத்த கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். ஒரு சொம்புத் தண்ணீரோ ஒரு பிடி மண்ணோ அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்போது, வெளியே நிற்பவர்கள் மழையா வறட்சியா, விலையேற்றமா இறக்கமா என்று மெல்லிய குரலில் பேசிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் அங்கே தெரிவது பொருள். அதன் கருத்து பிறகுதான் விளங்கும். நம் கதையில் தெரிவது கருத்து விளங்கிய காட்சி. அங்கே உத்தரவிடுபவர் ஒருவர் இருக்கிறார். இங்கே அனுப்பியவர் யாருமில்லை. தீர்க்கதரிசனம், ஞானதிருஷ்டி ஆகியவற்றையும் இதே காரணத்தால் ஒதுக்கினேன். அவற்றுக்கு உரியவர்கள் முனிவர்கள். தார் சுற்றும் பெண் அல்லள்.

'விரிச்சி' என்ற பழஞ்சொல்லை மட்டும் மனமில்லாமல்தான் விட்டேன். நெல்லும் முல்லையும் தூவி நின்று, யாரோ கன்றுக்குச் சொல்லும் ஆறுதலைத் தமக்கு வந்த நற்சொல்லாகக் கேட்கும் முல்லைப்பாட்டின் முதுபெண்டிரை யாரால் மறக்க முடியும்? ஆனால் விரிச்சி காதால் கேட்பது. கனாவும் சரிவராது. கண்ணகி தேவந்தியிடம் சொன்ன கனா அப்படியே பலித்தது என்றாலும், அது அவள் ஒருத்தியின் கனா. இந்தக் கதையில் நூறு பேர் கண்டதை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்து, ஒருவர் கண்ட திருமண வீட்டில் இன்னொருவர் பந்தியில் உட்கார்ந்திருந்ததைச் சரிபார்க்கிறார்கள். கனவு என்றால் அந்தச் சரிபார்ப்பே சிரிப்புக்கிடமாகும்.

இவ்வளவையும் கழித்த பிறகு நான் முன்வைக்கும் சொல் வருகாட்சி. வருங்காட்சி அன்று, ஙகர மெய் இல்லாத வருகாட்சி. 'வருங்காலம்' என்பதில் வரும் என்னும் பெயரெச்சம் எதிர்காலத்தை வெளிப்படையாகக் காட்டிவிடுகிறது. வரு என்னும் பகுதி மட்டும் நின்றால் அது வினைத்தொகை. 'காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை' என்பது நன்னூல். அதை இயற்றிய பவணந்தியாரின் சனகாபுரம் நம் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே என்று கொங்கு ஆய்வாளர்கள் கொள்வதால், இந்த நூற்பாவை எங்கள் ஊர்ச் சொத்தாகக் கருதி எடுத்துக்கொள்கிறேன். வந்த காட்சி, வருகின்ற காட்சி, வரும் காட்சி ஆகிய மூன்றும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. அவள் அதை ஏற்கெனவே கண்டுவிட்டாள். கண்ட நொடியில் அது அவளுக்கு நிகழ்காலம். ஊருக்கோ இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. கணிதவியலாளர் மின்கோவ்ஸ்கி 1908இல் காலத்தையும் வெளியையும் ஒன்றாகப் பிணைத்துச் சொன்னதிலிருந்து, நடந்ததும் நடக்கப்போவதும் ஒரே காலவெளியில் ஒருங்கே கிடக்கின்றன என்று வாதிடும் ஒரு தரப்பு இயற்பியலில் உண்டு. இத்தகைய கதைகள் நிற்பதும் அந்தத் தரையில்தான். அதற்கு ஏற்ற தொகை நம் இலக்கணத்தில் முன்பே இருக்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. சாயரின் நாவலில் கண்ட எதிர்காலம் மாற்றக்கூடியதா என்பதே பெரிய வழக்கு. காட்சியில் உயிரோடிருந்த ஒருவன் அதற்கு முன்பே தற்கொலை செய்துகொள்வதால்தான் அந்த வழக்கு ஒரு பக்கம் சாய்கிறது. 'வரும்' என்று எழுதினால் அது வந்தே தீரும் என்று ஆசிரியரே தீர்ப்புச் சொன்னதாகும். வருகாட்சி அப்படி எந்த உறுதியும் அளிப்பதில்லை.

அன்புடன், ஈரோட்டிலிருந்து.

மறுமொழி, தாராபுரத்திலிருந்து:

ஐயா, வணக்கம். முப்பது ஆண்டு தமிழ் கற்பித்தவள் என்ற முறையில் வினைத்தொகையை நீங்கள் கையாண்ட விதம் எனக்கு நிறைவளித்தது. 737ஆம் குறளில் 'வருபுனல்' இருக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள்? அணையில் தண்ணீர் திறந்த செய்தி வந்ததும் எங்கள் ஊர்க்காரர்கள் அமராவதிப் பாலத்தில் வந்து நிற்பார்கள். மணலை நனைத்துக்கொண்டு, சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு முதல் நீர் ஒரு பாம்பைப் போல் நெளிந்து வரும். மேலே புறப்பட்டுவிட்ட நீர், கீழே இன்னும் வராத நீர். இரண்டும் ஒரே நீர். மாணவர்களுக்கு நான் வினைத்தொகையை அந்தப் பாலத்தை வைத்தே விளக்குவேன்.

எனக்கு ஐயங்கள் இரண்டு. காட்சி என்றால் மக்கள் மனத்தில் திரையரங்கம்தான் தோன்றும். 1914லேயே சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் வெரைட்டி ஹால் திரையரங்கைத் திறந்த பகுதி இது; காலைக் காட்சி, இரவுக் காட்சி என்று நான்கு தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். வருகாட்சி என்பதை அடுத்து வரவிருக்கும் படம் என்று கொள்ள மாட்டார்களா? மற்றொன்று, அச்சுக்கோப்பவர் அதைப் பிழையென்று கருதி ஙகரத்தைச் சேர்த்துவிடுவார். நீங்கள் எத்தனை முறை திருத்தினாலும் சேர்ப்பார்.

மறுமொழி, ஈரோட்டிலிருந்து:

அம்மா, வணக்கம். வருபுனலை நான் நினைக்கத் தவறியது வெட்கந்தான். அந்தப் பாலத்தை இளைஞரிடம் சொன்னேன். பேராசிரியர் தறிக்காரர்களுக்கு விளக்கும் இடத்தில் அதைச் சேர்த்துக்கொள்ள உங்கள் இசைவைக் கேட்கச் சொன்னார்.

திரையரங்க ஐயத்தைச் சொற்சேர்க்கை தீர்க்கும் என்று நம்புகிறேன். 'வருகாட்சி பார்த்தாள்' என்று எழுதினால் நீங்கள் அஞ்சியது நடக்கும். 'வருகாட்சியுற்றாள்' என்றோ 'அவளுக்கு வருகாட்சி நேர்ந்தது' என்றோ எழுதினால் சீட்டு வாங்கிப் போனதாக யாரும் எண்ணார். நேர்தல் என்பதில் விபத்தின் சாயலும் இருக்கிறது. கதைக்கு அது வேண்டும். ஙகரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் உண்மை. நேற்று வந்த முதல் மெய்ப்பில் எட்டு இடத்தில் சேர்த்திருந்தார்கள். சிவப்பு மையில் எட்டையும் அடித்தேன்.

முதல் இயலின் வாக்கியம் இப்போது இப்படி நிற்கிறது: 'வருகாட்சியில் அவள் கழுத்தில் தாலி இல்லை.' அதே மூவரிடம் படித்துக் காட்டியபோது, இருவர் உடனே கணவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். மூன்றாமவர் பேசாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அதையும் சரியான விடையாகவே எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு சொல் மிச்சமிருக்கிறது. ஒன்றும் காணாதவர்களுக்குப் பெயர் வேண்டும். இளைஞர் 'காணாதோர்' என்று எழுதியிருக்கிறார்; அது பார்வையற்றவர் என்று பொருள்பட்டுவிடுமோ என்று தயங்குகிறேன். இறந்தவரைக் 'காலமானார்' என்று சொல்லும் மொழியில், இன்னும் காலமாகாமல், ஆனால் ஆகப்போவதாகத் தெரிந்த பின்னும் நாளை காலை தறிக்கு வரவேண்டியிருக்கும் ஒருவனுக்கு ஒரு சொல் கட்டாயம் இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், இரண்டாம் இயல் அன்றுதான் அச்சுக்குப் போகிறது.